நோவும் மெய்நிகர் யதார்த்தமும்: அரிவாட்கல நோயை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

நோவைப் பற்றிய ஆராய்ச்சி வைத்தியத் துறையினருக்கு மட்டுமே உரியது எனக் கருதுதல் பொருந்தாது. நோ உடலில் எழுவது. ஆயின் அது சொல்லப்படும்போதும் கேட்கப்படும்போதும் சமூக உறவுகளின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு அதனைக் குத்து, உளைவு, கடுப்பு, எரிவு என வகுத்துரைக்கும். கருவி கொண்டு அளக்க இயலாத ஒன்றை வைத்தியர் முன் நிறுவுவதற்கு நோயாளியிடம் உள்ள சான்று பெரும்பாலும் இத்தகைய சொற்களே. அச்சான்று எல்லா வர்க்கத்தாரிடமிருந்தும் ஒரே விதமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறதா? அரிவாட்கல நோயாளரின் நோவைத் தணிப்பதற்கு மெய்நிகர் யதார்த்தம் எனும் கணினித் தொழில்நுட்பத்தைக் கையாளும் அண்மைக்கால முயற்சியை இவ்வினாவோடு சேர்த்து நோக்குவதே எமது எண்ணம்.

அரிவாட்கல நோய் பரம்பரையாக வருவது. ஈமோகுளோபின் புரதத்தின் பீற்றாச் சங்கிலியில், ஆறாம் இடத்தில், குளூற்றமிக் அமிலத்துக்குப் பதிலாக வலீன் அமைந்துவிடுகிறது. மாற்றம் இவ்வளவே. ஒட்சிசன் குறையும்போது இப்புரதம் இழைகளாகத் திரண்டு, செங்குழியத்தை அரிவாள்போல் வளைத்துவிடும். விறைத்த கலங்கள் நுண்குழாய்களை அடைக்க, குருதி எட்டாத என்பிலும் தசையிலும் கடும் நோ எழுந்து பல நாள் நீடிக்கும். இக்கூற்றைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ மலேரியாவிலிருந்து ஓரளவு காப்புக் கிட்டுகிறது. தலசீமியா குறித்து இத்தகைய விளக்கத்தை 1949 இல் முன்வைத்தவர் மார்க்சிய விஞ்ஞானியான ஜே. பி. எஸ். ஹோல்டேன் என்பதும், அரிவாட்கலம் குறித்து 1954 இல் அதனை எடுத்துக்காட்டியவர் அந்தனி அலிசன் என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

இந்தியாவில் இக்கூறு 1952 இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே லேமன், கட்புஷ் ஆகியோரால் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இந்நோய் பதிவாயிற்று. ஒரு சாரார் காட்டுரிமையை இழந்தோர். மறுசாரார் கூலிகளாகத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் வழிவந்தோர். மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்த எமக்கு இவ்விணைப்பு புதிதன்று. சுதந்திர இந்தியாவின் அரசு, 7 கோடிப் பேரைப் பரிசோதித்து 2047 ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை 2023 யூலையிலேதான் தொடக்கியது. இடையில் எழுபது ஆண்டுகள் கழிந்தன. இலங்கையில் இந்நோய் அரிது. இங்கு பெரிதும் அறியப்பட்ட பரம்பரைக் குருதிநோய் தலசீமியாவே.

இனி, கருவியைப் பார்ப்போம். 1996 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்ரர் ஹொஃப்மன், டேவிட் பற்றர்சன் ஆகியோர் தீக்காயமுற்றோருக்காக ஒரு பனியுலகை உருவாக்கத் தொடங்கினர். தலையில் அணியும் திரைக்கண்ணாடிக்குள், பனிப் பள்ளத்தாக்கிலே மிதந்து சென்று பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பவர், தம் புண்ணுக்குக் கட்டுப்போடும் நோவைக் குறைவாகவே உணர்ந்தார். கவனம் மட்டுப்பட்ட ஒன்று; அதன் பெரும்பகுதி வேறிடத்தில் ஈடுபடும்போது நோவுக்கு எஞ்சுவது சிறிதே. 2004 இல் வெளியான மூளைப்பட ஆய்வு, நோவோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயற்பாடே குறைவதைக் காட்டியது. ஆகவே இதனை மனமயக்கு என ஒதுக்குதல் பொருள்முதல்வாத நோக்காகாது.

போரில் காலிழந்தோர் பலர் வாழும் எமது குடாநாட்டில் இதனை விளக்குதல் எளிது. இல்லாத கால் நோகிறது என்பார் கூற்று பொய்யன்று. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் கலிபோர்னியாவில் இத்தகையோருக்குச் சாதாரண முகக்கண்ணாடியொன்றைக் கொடுத்தார். இருக்கும் உறுப்பின் விம்பம் இழந்த உறுப்பின் இடத்தில் தோன்ற, சிலருக்கு நோ தணிந்தது. (எல்லாருக்கும் அன்று, ஆய்வு முடிவுகள் ஒத்தனவாக இல்லை.) அவரது மெய்நிகர் உலகின் விலை ஒரு கண்ணாடியின் விலையே.

2019 இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரச் சிறுவர் வைத்தியசாலையினர் வெளியிட்ட ஆய்வில், அரிவாட்கல நோயால் அனுமதிக்கப்பட்டிருந்த சிறுவரும் இளைஞருமாகிய 30 பேர் 15 நிமிடம் கடலடி உலகொன்றினுள் உலாவினர். நோ ஓரளவு குறைந்தது. (குளிர் இந்நோயைத் தூண்டக்கூடியது; பனியுலகு இவர்களுக்கு ஏற்ற படிமமாகாது என இலக்கிய மாணவர் எவரும் சொல்வர்.) எனினும் ஒப்பீட்டுக் குழு அவ்வாய்விலே இல்லை. நாட்கணக்கில் வருத்தும் நோவுக்கு 15 நிமிடம் மிகச் சிறிது. கலங்கள் வளைவதை அது தடுப்பதுமில்லை.

அமெரிக்காவில் இந்நோயாளருட் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2016 இல் வேர்ஜீனியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வில், வெள்ளையரான வைத்திய மாணவர், பயிற்சி வைத்தியர் ஆகியோரிற் பாதியளவினர் கறுப்பினத்தவரின் உடல் பற்றிய பொய்ந்நம்பிக்கை ஒன்றையேனும் ஏற்றனர். அவர்களின் தோல் தடித்தது என்பது அவற்றுள் ஒன்று. அத்தகையோரிடம் மோர்பின் கேட்கும் நோயாளி போதைக்கு அலைபவராகவே எண்ணப்படுவார். மருந்து தரத் தயங்கும் கை திரைக்கண்ணாடியை மகிழ்ந்து நீட்டுமாயின், அங்கே கருவி செய்யும் பணி வேறு.

1844 இல் மார்க்ஸ் சமயத்தை அபினிக்கு ஒப்பிட்டார். அக்காலத்தில் அபினியே வழக்கிலிருந்த நோநீக்கி என்பதை மறந்து, அதனை வெறும் போதையாகவே வாசிப்போர் எம்மிடையே பலர். இன்றோ அபினியே கிடையாத மக்களுக்கு விம்பம் தரப்படும் நிலை தோன்றுகிறது. 2017 இல் வெளியான லான்செற் ஆணைக்குழு அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் பகிரப்படும் ஏறத்தாழ 300 தொன் மோர்பின் வகை மருந்தில் மிக வறிய நாடுகளுக்குச் செல்வது 0.1 தொன். மருந்துக்கான அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் இந்தியாவிலே, 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம் மோர்பினை வைத்தியசாலைகளுக்கே அரியதாக்கியது. 2014 இல்தான் அது திருத்தப்பட்டது. நீலகிரிக் குடியிருப்பொன்றிலிருந்து நள்ளிரவில் நோவோடு இறங்கிவரும் சிறுவனுக்கு மோர்பினும், நெருக்கடிகளைக் குறைக்கும் ஐதரொட்சியூரியாவும், வேண்டியபோது குருதியும் அருகிலேயே கிட்டவேண்டும். ஊசி ஏற்றும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு அவன் கடலடியில் உலாவட்டும்.