பெயர் தெரிந்தது, காரணம் தெரியாதா?

வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று டாக்டர் சொன்னதும், குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி "எதனால் வந்தது?" என்பதுதான். செய்வினை என்பார் ஒருவர், பரம்பரை என்பார் இன்னொருவர். வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறைசொல்லவும் ஆள் இருக்கும். ஆனால், டாக்டர் எழுதிக்கொடுக்கும் பெயரில் இதற்குப் பதில் கிடையாது. காசநோய் என்றால் எந்தக் கிருமி என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகியவை அப்படியல்ல; எந்தெந்த அறிகுறிகள் சேர்ந்து வருகின்றன, எத்தனை நாள் நீடிக்கின்றன என்பதை வைத்துச் சூட்டிய பெயர்கள். இது புரியாததால்தான் பலரும் அந்தப் பெயரைத் தலையெழுத்தாக நினைத்துக்கொண்டு, சிகிச்சைக்குரிய காலத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

மனச்சோர்வையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதற்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. தூக்கக் கோளாறு, பசி மாறுவது, அசதி, கவனம் நிலைக்காதது, குற்றவுணர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம் போன்றவை அதில் உண்டு. குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். அவற்றில் ஒன்று தீராத துக்கமாகவோ எதிலும் நாட்டமில்லாத நிலையாகவோ இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால், ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுப்பார்கள்.

ரத்தத்தில் பிடிபடாத ஒன்றை எப்படி நோய் என்பது என்று சிலர் கேட்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்கும் ரத்தப் பரிசோதனை இல்லை. அதனால் வலி பொய்யாகிவிடாது. ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே என்ற குறைக்கு ஒருகாலத்தில் நியாயம் இருந்தது. 1960-களில் லண்டனைவிட நியூயார்க்கில் மனச்சிதைவு என்று முடிவுகட்டுவது மிக அதிகமாக இருந்தது. இரு நகர நோயாளிகளையும் ஒரே முறையில் கேள்வி கேட்டுப் பார்த்தபோது வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. வேறுபட்டவர்கள் நோயாளிகள் அல்ல, மருத்துவர்கள்! 1980-இல் வெளியான கையேட்டின் மூன்றாம் பதிப்பு தெளிவான அளவுகோல்களை வகுத்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம். தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்ததும் இதே சங்கம்தான். 1973-இல் அதை நீக்கியது. பட்டியல் தவறக்கூடியது என்பதற்கு இது சான்று. திருத்திக்கொள்ளக்கூடியது என்பதற்கும் இதுவே சான்று.

காரணத்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனநோய் விடுதிகளில் பித்தும் வாதமும் கண்டு இறந்தவர்கள் ஏராளம். அத்தகைய நோயாளிகளின் மூளையில் சிபிலிஸ் கிருமி இருப்பது 1913-இல் உறுதியானது. பின்னால் வந்த பென்சிலின் அந்த நோயை அடக்கியது. எல்லா மனநோய்க்கும் இப்படி ஒரே குற்றவாளி அகப்படுவான் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மனச்சிதைவில் மரபணுவின் பங்கு பெரிது. ஆனாலும், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு அது வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். பிரசவச் சிக்கல், வளரும் வயதில் கஞ்சா, சிறுவயதுக் கொடுமை எனப் பலவும் கூடித்தான் ஆபத்தை ஏற்றுகின்றன. ஆகவே பரம்பரை என்பது விதி அல்ல. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் ஆதாரமில்லை.

காரணம் முழுதாகத் தெரியாமல் மருந்து எப்படிக் கொடுக்கலாம் என்பது கடைசிக் கேள்வி. லித்தியம் 1949 முதல் இருதுருவ நோயாளிகளுக்கு உதவிவருகிறது; அது வேலைசெய்யும் விதம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை. விளங்கும்வரை காத்திருந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்! காத்திருப்பதன் விலை நமக்குத் தெரியாததல்ல. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் பிடித்த தீயில், முறையான சிகிச்சையின்றி அடைபட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியவில்லை. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனால், 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி பெரும்பாலான மனநலப் பாதிப்புகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே போய்ச்சேரவில்லை. காரணத்தைத் தேடுவது ஆராய்ச்சியாளர் வேலை, அது நடக்கட்டும். குடும்பத்தின் வேலை, நோயாளியை மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போவது. அதற்கும் தயக்கமாக இருந்தால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இன்றே பேசலாம்.