நாற்றம் வரும் இரவும் நெஞ்சுப் படபடப்பும்

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் போகும் பஸ்ஸில், சிப்காட் தொழிற்பேட்டை நெருங்கியதும் நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலோரம் இருப்பவர் ஷட்டரை இறக்கிவிடுவார். கொஞ்ச நேரத்தில் வண்டி கடந்துவிடும், ஷட்டரும் மேலே போய்விடும். உப்பனாற்றுப் பக்கம் குடிகாட்டில் குடியிருப்பவர்களுக்கு அப்படிக் கடந்துபோக வழியில்லை.

ராத்திரி ஒன்றரை மணிக்கு நாற்றம் வருகிறது என்று வையுங்கள். என்ன ஏதென்று புரிவதற்குள் தூக்கம் கலைந்துவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் வறளும். 2025 மே மாதம் விடிவதற்கு முன்பு சாயத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்த ஊர் இது. இங்கே ஒருவர் பதறி எழுந்தால் அவரை பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சில நொடிகளில் உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் நரம்பு வழியாகத் தகவல் பறக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, பிரஷர் ஏறுகிறது, ஜீரணம் மெதுவாகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயார். இதன் பின்னாலேயே நிதானமாக வருவது கார்ட்டிசால். இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் அது உச்சத்துக்குப் போகும். ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டிவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. நாம் ஒரே வார்த்தையில் ‘டென்ஷன்’ என்கிறோமே, அதற்குள் இத்தனையும் இருக்கிறது.

இதில் கோளாறு எதுவும் இல்லை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பாம்பைக் கண்டாலும் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். தொல்லை அதற்கு அப்புறம் வருவது. காற்று திசை மாறி நாற்றம் போய்விடும். மனசு போகாது. ‘நாளைக்கும் வருமோ, பிள்ளைக்கு இருமல் வந்துவிடுமோ, யாரிடம் போய்ச் சொல்வது’ என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நினைப்பில் வரும் ஆபத்துக்கும் உடம்பு படபடக்கத்தான் செய்யும். அரை மணியில் அடங்க வேண்டியது விடியும்வரை நீள்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படியே போனால் தூக்கம் கெடும், பிரஷரும் சுகரும் கட்டுக்குள் நிற்காது.

மைண்ட்ஃபுல்னஸ் என்கிற தியானம் கைவைப்பது இந்த நீட்சியில்தான். பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்து, ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தது இது. மூச்சிலோ உடம்பிலோ கவனத்தை வைப்பது, அது நழுவினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவருவது, இவ்வளவுதான் அதன் கரு. படபடப்பு வந்தால் ‘ஓ, படபடப்பு வந்திருக்கிறது’ என்று பார்ப்பது. அதன்மேல் இன்னொரு கதையை ஏற்றாமல் இருப்பது. உடம்பின் எச்சரிக்கை மணி அடிக்கத்தான் செய்யும், அடித்துக்கொண்டே இருக்காது.

மூச்சுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். திண்ணையில் உட்கார்ந்து மணிக்கட்டில் நாடி பிடியுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் முடுக்கும், விடும்போது தளரும். வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குப் போடும் பிரேக் அது. விடும் மூச்சை நீட்டினால் பிரேக் கூடுதல் நேரம் பிடிக்கும். திருமூலர் கணக்கிலும் இழுப்பதற்கு 16 மாத்திரை, விடுவதற்கு 32. நடுவில் அடக்குவதற்கு அவர் வைத்த 64 நமக்கு வேண்டாம், பிரஷர் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கடலூர்க்காரர்கள் பெரிய வைத்தியத்துக்கு ஓடும் புதுச்சேரி ஜிப்மரிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். மருத்துவத் துறை மாணவர்கள் 90 பேரை எடுத்து, ஒரு பகுதியினரை வேகமான பிராணாயாமமும் இன்னொரு பகுதியினரை மெதுவான பிராணாயாமமும் 12 வாரம் செய்யவைத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் டென்ஷன் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் இதயத் துடிப்பும் பிரஷரும் இறங்கியது மெதுவாக மூச்சு விட்டவர்களுக்கு மட்டும். 2013-ல் வெளிவந்த ஆய்வு இது.

இன்னொரு ஆய்வு சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் நடந்தது. அதிர்ச்சியிலிருந்து மீளாத 183 பேர். எட்டு மணி நேர மூச்சுப்பயிற்சி எடுத்தவர்களுக்கு ஆறு வாரத்தில் அதிர்ச்சி மதிப்பெண் சராசரியாக 40 புள்ளி அளவுக்கு இறங்கியது. பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களுக்கு 5 புள்ளிகூட இறங்கவில்லை. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஆட்களைக் குலுக்கல் போட்டுப் பிரிக்காமல் முகாம் முகாமாகப் பிரித்த ஆய்வு என்பதால் நான் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன்.

எட்டு வாரத் தியானத்தில் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்ப வேண்டாம். 200 பேருக்கு மேல் வைத்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி மாற்றம் எதுவும் தென்படவில்லை. மூன்றே நாள் பயிற்சி எடுத்தவர்களுக்கு, மனசு லேசானதாகச் சொன்னாலும் கார்ட்டிசால் கூடுதலாக ஏறியது என்று 2014-ல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. புதிதாக சைக்கிள் பழகுகிறவன் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பானே, அந்த மாதிரி. பழகினால் பிடி தளரும்.

குடிகாட்டுக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நாற்றம் அடிக்கும்போது ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்லும் வகுப்பு இந்த ஊருக்கு ஆகாது. கண் எரிந்தால், தொண்டை கமறினால், முதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். புகார் எண்ணுக்கு போன் போட வேண்டும். அந்த நேரத்துப் படபடப்பு உங்கள் பக்கம் நின்று வேலை செய்கிறது, அதை அடக்கக் கூடாது. வீசிங் இருப்பவர்களுக்கும் மூச்சைக் கவனித்தாலே பயம் வருகிறவர்களுக்கும் மூச்சு தேவையில்லை. தரையில் பதிந்த பாதம், தூரத்தில் கேட்கும் ரயில், கையில் இருக்கும் சொம்பின் குளிர்ச்சி, எதிலும் கவனத்தை வைக்கலாம். ஆலையிலிருந்து நாற்றம் வராமல் பார்த்துக்கொள்வது வேறு ஆட்களின் வேலை. தியானம் சொல்லிக்கொடுக்க ஊருக்கு யாராவது வந்தால், அந்த வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பாயை விரிக்கலாம்.