பிள்ளையைக் கீழே விடுங்கள்



"பிள்ளைக்குப் பதினோரு மாசம் ஆகுதுங்க. இன்னும் நடக்கல. பக்கத்துக் காம்பராப் பிள்ளை பத்து மாசத்திலயே நடந்திருச்சு." பிள்ளைகளை நிறுக்கும் நாட்களில் நமது தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆகையால் ஒன்பது மாதத்திலிருந்து முதலாவது பிறந்தநாள் வரையுள்ள காலத்தைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நடையைப் பற்றிய கவலையைத் தீர்த்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல சுகத்தோடு வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்து 2006ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி பிள்ளை பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறத்தாழ 4 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடையில். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது 5 மாதத்துக்கும் 11½ மாதத்துக்கும் இடையில். தவழ்வது 5 மாதம் முதல் 13½ மாதம் வரை. தனியே நடப்பது 8 மாதத்திலும் நடக்கலாம், 17½ மாதத்திலும் நடக்கலாம். இரண்டும் சரிதான். நூறு பிள்ளைகளில் நாலு பிள்ளைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழவே இல்லையாம். பதினோரு மாதத்தில் நடக்காத பிள்ளைக்காக யாரும் நேர்த்தி வைக்கத் தேவையில்லை.

எனக்குக் கவலை வேறு. "சாதுவான பிள்ளைங்க. வச்ச இடத்தில இருக்கும், ஒரு தொந்தரவும் இல்ல" என்று பாட்டிமார் பெருமையாகச் சொல்வார்களே, அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். அது சுபாவத்திலேயே அமைதியான பிள்ளையாக இருக்கலாம். ஆனால் பல வீடுகளில் விசாரித்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கிறது. காலையில் தொட்டில், அப்புறம் இடுப்பு, மத்தியானம் திரும்பவும் தொட்டில், பின்னேரம் யாராவது ஒருவர் மடி. ஒரு நாளில் அரை மணித்தியாலம்கூட அதைத் தரையில் விடுவதில்லை. அது எங்கே போய் எதைப் பிடித்து எழும்பி நிற்கும்?

கீழே விடாததற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. லயக் காம்பராவின் சீமெந்துத் தரை குளிரில் ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு மூலையில் அடுப்பு. இஸ்தோப்பைத் தாண்டினால் கான். பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு முழங்கால் வருத்தம், பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. பயந்து தூக்கி வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

என் ஊர் மட்டக்களப்பு வாவிக்கரை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கிச் செங்கலடிச் சந்தியில் முடிகிற வீதி நம்மில் பலருக்குப் பழக்கமானது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குப் போய் வந்தவர்கள், வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை என்று பார்த்திருப்பீர்கள். அங்கே வீட்டு வளவு முழுக்க மணல். பூவரச மர நிழலிலோ மாமர நிழலிலோ ஒரு பன்பாயை விரித்துப் பிள்ளையை அதில் விட்டுவிட்டு, அம்மம்மா பக்கத்திலிருந்து மீன் வெட்டுவா, இல்லாவிட்டால் பாய் இழைப்பா. பிள்ளைக்கு இரண்டு சிரட்டை, ஒரு அகப்பை, ஓலையில் செய்த கிலுகிலுப்பை ஒன்று. கொஞ்ச நேரத்தில் பிள்ளை பாயை விட்டு மணலுக்குப் போய்விடும். ஒரு கை மணலை அள்ளும், வாயில் வைக்கும், துப்பும், அழும், திரும்பவும் அள்ளும். முதல் பிள்ளை பெற்ற தாய் ஓடிப்போய்த் தூக்கினால் கிழவியிடமிருந்து பேச்சு வரும்: "கீழ விடு புள்ள. மறுகா அது எப்ப நடக்கிற?"

மண்ணைச் சாப்பிட விடுவது நல்ல பழக்கம் என்று நான் சொல்லவில்லை. அதில் பூச்சி வரும். வாவியும், கட்டு இல்லாத கிணறும் அங்கே பிள்ளைகளுக்கு யமன். அங்குள்ள தாய்க்கும் பயம் இருக்கிறது. ஆனால் அவள் பிள்ளையைத் தூக்கி வைக்காமல், வேலியைக் கட்டி, கிணற்றை மூடி, அப்புறம் பிள்ளையைக் கீழே விடுகிறாள். நாமும் நமது காம்பராவில் இதைத்தான் செய்ய வேண்டும்.

அடுப்புக்கு எதிர்மூலையைத் துப்புரவாக்கி இரண்டு சாக்கு விரியுங்கள். அதன் மேல் பழைய கம்பளி. தரைக் குளிர் ஏறாது. வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. சுடுதண்ணீர்ப் போத்தல், மண்ணெண்ணெய், மருந்தடிக்கிற சாமான்கள், கத்தி, கவ்வாத்துக் கத்தி எல்லாம் ராக்கைக்கு மேலே. தரையில் நாணயம், பொத்தான், கச்சான் கொட்டை, ரிமோட்டில் இருந்து விழுந்த வட்டப் பெட்டரி கிடக்கிறதா என்று நீங்களே முழங்காலில் நின்று ஒருதரம் பாருங்கள். பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த வட்டப் பெட்டரியை விழுங்கினால் சில மணித்தியாலத்துக்குள் தொண்டைக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான். அப்புறம் பிள்ளையை விடுங்கள். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பத்து நிமிஷம், மலையிலிருந்து வந்து முகம் கழுவிய பின் அரை மணித்தியாலம். தகப்பன்மார்களும் இதைச் செய்யலாம். பிள்ளையோடு விளையாடினால் மீசை உதிராது.

என்ன விளையாட்டு? கடையில் விற்கிற கார், பொம்மை தேவையில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு மிகப் பெரிய அதிசயம், மறைந்த சாமான் திரும்ப வருவது. ஒரு உருளைக்கிழங்கைக் காட்டி, பிள்ளை பார்க்கப் பார்க்கத் துணியால் மூடுங்கள். ஆறு மாதத்தில் அதை மறந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிய பிள்ளை, ஒன்பது பத்து மாதத்தில் துணியை இழுத்து எடுக்கும், எடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சாமான் இருக்கிறது என்று அதற்கு இப்போது விளங்கிவிட்டது.

சிரட்டைக்குள் போத்தல் மூடிகளைப் போட்டு எடுக்கக் கொடுங்கள். மூடி பிள்ளையின் வாய்க்குள் போகாத அளவு பெரிதாக இருக்க வேண்டும். பால்மா டின்னைக் கவிழ்த்து அகப்பையால் தட்ட விடுங்கள், காது வலித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உங்களைப் பார்க்கும். எடுத்துக் கொடுத்தால் திரும்பவும் போடும். பத்து முறை போட்டாலும் அது குறும்பு இல்லை. போட்டால் விழும், விழுந்தால் சத்தம் வரும், அம்மா எடுத்துத் தருவாள் என்று மூன்று பாடம் படிக்கிறது. கை ஒன்றுக்கு இரண்டடி போட்டால் அந்தப் படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

சாப்பாட்டிலும் விளையாட்டு இருக்கிறது. முன்பு உள்ளங்கையால் வாரி எடுத்த பிள்ளை இப்போது பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுக்கப் பழகும். நன்றாக அவித்த கரட் துண்டு, முட்டை, முள் பார்த்த மீன் கொஞ்சம் தட்டில் வைத்து அதையே எடுத்துச் சாப்பிட விடுங்கள். பாதி கீழே கொட்டும். கொட்டட்டும்.

கை தட்டுவது, டாட்டா காட்டுவது, சாய்ந்தாடுவது எல்லாம் நாம் புதிதாகப் படிக்க வேண்டியவை இல்லை. பழைய புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடும்போது, பிள்ளை கை கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கும், தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவத்தை ஆண்டு நிறைவை ஒட்டியும் வைத்தார்கள். இன்றைக்கு டாக்டர்மார் சொல்லும் கணக்கும் ஏறத்தாழ அதுதான். அந்தக் காலத்தில் யாரோ ஒரு தாய் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

இனிப் பிள்ளை மடுவத்துக்கு வருவோம். (சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாற்றியாயிற்று. ஆனாலும் எல்லாருக்கும் அது பிள்ளை மடுவந்தான்.) ஏழு மாதம்வரை யார் தூக்கினாலும் சிரித்த பிள்ளை, ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் ஆயாம்மாவைக் கண்டதும் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறும். உடனே லயத்தில் பேச்சு கிளம்பும்: "அவ அடிச்சிருப்பா. இல்லாட்டி ஏன் இப்பிடிக் கத்துது?" ஒரு தோட்டத்தில் இப்படிப் பழி கிளம்பி, சில தாய்மார் மடுவத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் பேர் இல்லாமல் போனது. அந்த ஆயாம்மா என்னிடம் வந்து அழுதா. பிள்ளைகளைப் பார்த்தோம்; ஒரு கீறல் இல்லை, நிறையும் ஏறித்தான் இருந்தது.

நடந்தது இதுதான். துணிக்கடியில் உருளைக்கிழங்கு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்று தெரியும். இருக்கிற அம்மா இங்கே ஏன் இல்லை என்றுதான் அழுகிறது. அன்னிய முகம், தெரிந்த முகம் என்று பிரித்துப் பார்க்கவும் பழகிவிட்டது. அறிவு வளர்ந்ததால் வந்த அழுகை. அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இதைக் கடந்துதான் வரும். இந்த நேரத்தில் பல தாய்மார் செய்வது, பிள்ளை பாராக்காக இருக்கும்போது நழுவிப் போவது. அது வேண்டாம். நழுவிப் போகிற அம்மாவைப் பிள்ளை மறுநாள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். "அம்மா மலைக்குப் போயிட்டு வாறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, டாட்டா காட்டி, திரும்பிப் பார்க்காமல் போங்கள். வீட்டில் அதற்குப் பழக்கமான ஒரு துணியை ஆயாம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அழுகை சில கிழமைகளில் குறையும். நீங்கள் போன பிறகும் நாள் முழுக்க அழுகிறது, நிறை குறைகிறது, உடம்பில் அடையாளம் தெரிகிறது என்றால் அது வேறு விஷயம். நேரே நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், லயத்தில் பேச வேண்டாம்.

இவ்வளவும் விளையாட்டுக் காரியந்தானே என்று சிலர் நினைக்கலாம். 2016ஆம் ஆண்டு எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். இப்படி வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பற்றி ஜமேக்கா நாட்டில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 1986, 87ஆம் ஆண்டுகளில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையான 129 பிள்ளைகள். சில வீடுகளுக்குச் சுகாதார உதவியாளர் பெண்கள் கிழமைக்கு ஒருமுறை, ஒரு மணித்தியாலம், இரண்டு வருஷம் போனார்கள். கையில் கொண்டுபோனது வீட்டுக் கழிவுச் சாமான்களில் செய்த விளையாட்டுப் பொருட்கள். பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிக் கதைப்பது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, அப்படி விளையாடி வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நூற்றுக்கு 25 வீதம் கூடச் சம்பாதித்தார்கள். பால்மா மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டுத் திரிபோஷாவை நிறுத்திவிடாதீர்கள். சாப்பாடும் வேண்டும், விளையாட்டும் வேண்டும். அந்தத் தாய்மார்களும் நம்மைப் போல ஏழைக் குடும்பங்கள்தான்.

வாக்கர் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். சக்கரம் பூட்டிய அந்த வட்டக் கூட்டில் பிள்ளை தொங்கிக்கொண்டு காலால் உந்துகிறது, அதனால் நடை முந்துவதில்லை. படிக்கட்டும் கானும் உள்ள லயத்தில் அது உருண்டால் மண்டை உடையும். கனடாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து விற்கவே தடை. நம்மூர் மர நடைவண்டி வேறு; பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. சமதரையில், ஆள் பக்கத்தில் இருக்க, அது நல்லது.

போன் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். அழுகிற பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் உடனே அடங்கும், உண்மைதான். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே காட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் சொல்லியிருக்கிறது. தொடர்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிள்ளையைக் கட்டியோ அடைத்தோ வைக்கக் கூடாது என்பதும் அதே அறிவித்தலில் உள்ளது. போனில் வருகிற பாட்டு பிள்ளையைப் பார்த்துப் பதில் சொல்லாது. பிள்ளை "மா... மா" என்னும்போது நீங்கள் "மாமாவா? மாமா எங்க?" என்று திருப்பிச் சொன்னால்தான் அதற்குப் பேச்சு வரும்.

கடைசியாக, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காராத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, எப்போதும் ஒரு கையை மட்டும் பாவிக்கிற பிள்ளை. ஒரு வயதாகியும் பிடித்துக்கொண்டு நிற்காத, மா, பா என்று எந்தச் சத்தமும் போடாத, கை காட்டாத பிள்ளை. முன்பு செய்ததை இப்போது விட்டுவிட்ட பிள்ளை. இவற்றில் ஒன்று இருந்தாலும் "அப்பனும் இப்பிடித்தான், தாமதமாத்தான் பேசினான்" என்று இருந்துவிடாதீர்கள். காது கேளாத பிள்ளையைச் சாதுவான பிள்ளை என்று இரண்டு வயதுவரை கொஞ்சிக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்துக்கான ஊசிக்கும், பன்னிரண்டாம் மாதத்தில் மூளைக்காய்ச்சல் ஊசிக்கும் கிளினிக்குக்குப் போகத்தானே வேண்டும்? பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறைக் கோடு மட்டும் இல்லை, எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கமும் இருக்கிறது. அநேகம் பேருடைய புத்தகத்தில் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. ஊசி போடுகிற அன்றைக்கே அதைத் திறந்து குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் முதல்நாள் பின்னேரம் பதிவேட்டைப் பிள்ளை மடுவத்துக்குக் கொண்டுவந்தால் நாங்கள் வாசித்துச் சொல்கிறோம்.