ஈமக்குழியின் மண்

தீவகத்துக்கு எதிரே, யாழ்ப்பாணக் கடல்நீரேரியை அடுத்துள்ள ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டு மண் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது தொன்மையான ஈமக்குழிகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் அங்கே ஆராய்ந்தனர். நீட்டிக் கிடத்திய எலும்புக்கூட்டோடு கறுப்பு-சிவப்பு மட்கலங்களும், பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் கிடைத்தன. அவ்வெழுத்தின் பொருள் பற்றி வழக்காடுவோர் பலர். குழியை நிரப்பியிருந்த மண்ணைப் பற்றிக் கேட்பாரோ அரியர்.

முத்திரை பிணத்தோடு இடப்பட்டதா, பிற்காலத்தில் உள்ளே வீழ்ந்ததா என்பதை உரைக்க வல்லது அம்மண்ணே. ஒருமுறை வெட்டி மீள இட்ட மண், அசையாத மண்ணினின்றும் நிறத்தாலும் இறுக்கத்தாலும் வேறுபடும். ஆதலின் குழியின் விளிம்பையே முதலிற் காணல் வேண்டும். விளிம்பை ஊடறுத்துப் பிறிதொரு குழி இறங்கியிருப்பின், அதனுட் கிடந்த பொருள் பிந்தியது என்க. இறுதியில் விழுந்த மண்ணை முதலில் நீக்கிப் படைபடையாகக் கீழிறங்குவர். இயலுமிடத்து ஒரு பாதியை நிறுத்தி, அதன் வெட்டுமுகத்தை அளவுப்படி வரைவர். பொருளை இருந்த இடத்திலேயே விட்டு, ஆழமும் திசையும் குறித்துப் படம்பிடித்த பின்னரே எடுப்பர். நீக்கிய மண்ணையும் சல்லடையில் அரிப்பர். சிறுமணியும் பல்லும் அதிலேதான் அகப்படும்.

தீவகத்துச் சுண்ணக்கல் நிலம் எலும்பைக் காக்கும். புளிப்பு மண்ணோ அதனைக் கரைத்துவிடும். ஆயினும் கடற்கரை மணலில் விளிம்பு சரிந்து மறையும். நீர் தெளித்தால் நிறவேறுபாடு சற்றுநேரம் துலங்கும். வரைவோர் அதற்குள் விரைதல் வேண்டும்.