கூடவே போன பிள்ளைகள்

பொன்னமராவதியைச் சுற்றி வலையபட்டி, வேந்தன்பட்டி, மேலைச்சிவபுரி என்று வரிசையாக நகரத்தார் ஊர்கள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு யாருடையது என்று கேட்டால், "பிள்ளைக எல்லாம் சிங்கப்பூர், அமெரிக்காவுல" என்பார்கள். கடல் கடப்பது இவர்களுக்குப் புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் 'கொண்டுவிக்க', அதாவது தொழில் செய்ய, போனவர்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-லேயே தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்கள்.

ஆனால் அன்று பெரும்பாலும் ஆண்கள்தான் போனார்கள். ஏஜெண்டாகப் போனவர் மூன்று வருஷக் கணக்கை முடித்து ஊர் திரும்புவார். பிள்ளைகள் அப்பத்தாவிடமும் அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டிலும் வளர்ந்தார்கள். அப்பச்சி (அப்பா) ரங்கூனில் இருந்தாலும் முன்னோருக்கான படைப்பும் நோன்பும் பிள்ளைக்குத் தானாக வந்தன. குடும்பத்தோடு போய்த் தங்க ஆரம்பித்த பிறகுதான் ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊர் உண்டானது.

பிள்ளையார் நோன்பையே பாருங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு. புது வேட்டியில் உருவிய 21 இழைகளைத் திரியாக்கி, வெல்லம் சேர்த்த மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆத்தா இடுப்பிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்த குழந்தை தயங்காமல் வாய் திறக்கும். நியூஜெர்சியில் வளர்ந்தது, "ஏன்?" என்று கேட்கும். "நாங்க இப்படியெல்லாம் கேட்டோமா?" என்று பெற்றவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவே செய்து காட்டியது. அந்தப் பிள்ளைக்குத் தெரு இல்லை. பெற்றவர்கள்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கல்யாணப் பேச்சில் உரசல் முற்றுகிறது. நகரத்தாரின் பிரிவுகளான ஒன்பது நகரக் கோயில்கள், கல்யாணத்துக்கு அங்கிருந்து வரும் கோயில் மாலை, மணமானதும் தம்பதி ஒரு 'புள்ளி'யாகக் கோயில் கணக்கில் ஏறுவது என அத்தனையும் அங்கே வளர்ந்த பெண்ணின் காதில் முதன்முதலில் விழுவது, அவள் கல்லூரியில் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு. இருபது வருஷம் சொல்லாத கதையை அன்று தடையாக மட்டும் எடுத்து நீட்டுவது நியாயமே இல்லை. அவள் கோபம் எனக்குப் புரிகிறது. நடுங்கிப்போகும் தாயின் பயமும் புரிகிறது. ஆனால் முதலில் பேசியிருக்க வேண்டியவர் தாய்தான்.

பூர்வீக வீட்டில் இந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. விற்பதா, இடிப்பதா என்று வரும்போது கையெழுத்துக்கு அவர்களைத் தேடுவார்கள். அதற்கு முன்னால், முன்னோருக்குத் துணி வைத்துப் படைக்கும் நாளில் பந்தி பரிமாற அவர்களைக் கூப்பிட வேண்டும். படைப்பை அவர்களுடைய பள்ளி லீவில் வைக்க முடியுமா என்று பங்காளிகள் இந்த வருஷமே பேசிப் பார்க்கட்டும்.