இரண்டு டாலர் உறையும் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன்களும்

அமெரிக்காவில் முப்பது வயதைத் தொடாதவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரிடம் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்கும் உரிமம் இருக்கிறதாம்! 2022 பிப்ரவரியில் எடுத்த ஓர் ஆன்லைன் சர்வே சொன்ன கணக்கு இது. பொத்தாம்பொதுவாகக்கூடக் கேட்கவில்லை. எஸ்.எஸ்.ஜி.என். ரகக் கப்பல் என்று ரகத்தையும் சொல்லித்தான் கேட்டார்கள். ‘ஆமாம், இருக்கிறது’ என்று 12% இளைஞர்கள் டிக் அடித்தார்கள். ஹிஸ்பானிக் மக்களில் 24%! நிஜத்தில் அந்த உரிமம் வைத்திருப்பவர்களின் விகிதம் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் வரும்.

கேள்வியை வைத்தவர்கள் வாஷிங்டனில் இருக்கும் ப்யூ ரிசர்ச் சென்டர் ஆய்வாளர்கள். அது வேண்டுமென்றே வைத்த பொறி. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பதில் சொல்லலாம், சொன்னால் சின்னதாக ஒரு வெகுமதி உண்டு என்று திறந்துவைக்கிற சர்வேக்களில், கேள்வியைப் படிக்காமலே ‘ஆமாம், ஆமாம்’ என்று தட்டிக்கொண்டே போகிறவர்கள் எத்தனை பேர் என்று பிடித்துப் பார்த்தார்கள். இவர்களில் பலர் வயதையும் இனத்தையும்கூட இஷ்டத்துக்குப் போட்டுவிடுகிறார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023 டிசம்பரில், யூத இனப்படுகொலையைக் கட்டுக்கதை என்று அமெரிக்க இளைஞர்களில் 20% பேர் நம்புவதாக இப்படிப்பட்ட ஒரு சர்வே சொல்ல, ஊடகங்கள் அலறின. ப்யூ அதே கேள்வியைத் தன் முறையில் கேட்டது. வந்த விடை 3%!

அந்த ‘தன் முறை’ என்ன என்று உள்ளே போய்ப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஏனென்றால், இந்த இணைய யுகத்திலும் அது தபால்காரரிடமிருந்துதான் தொடங்குகிறது!

அமெரிக்கத் தபால்துறையிடம் நாட்டின் ஏறக்குறைய எல்லா வீட்டு விலாசங்களும் அடங்கிய பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து குலுக்கல் முறையில் விலாசங்களை எடுக்கிறார்கள். அலாஸ்காவின் பனிக் கிராமத்து வீட்டுக்கும், மன்ஹாட்டனின் நாற்பதாவது மாடி ஃபிளாட்டுக்கும் கடிதம் வர வாய்ப்பு உண்டு. ப்யூ ஆண்டுதோறும் நடத்தும் தேசிய சர்வேயில் ஓர் அருமையான யுக்தி செய்தார்கள். உறைக்குள் இரண்டு ஒரு டாலர் நோட்டுகள். அவை வெளியிலிருந்தே கண்ணில் படும்! விளம்பரக் கடிதம் என்று குப்பையில் போடப் போன கை அங்கேயே நின்றுவிடும் இல்லையா?

உறை வந்துவிட்டது. வீட்டில் நான்கு பேர். யார் பதில் சொல்வது? சும்மா விட்டால் அந்த வீட்டில் அரசியல் பேசியே மற்றவர்களை வதைக்கிற ஒருவர் பாய்ந்து எடுத்துக்கொள்வார். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் முதலில் வருகிறதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்! இப்படி ஒரு எளிய வழியை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருக்கிறது. இப்படிச் சேர்த்து, தொடர்ந்து சர்வேக்களுக்குப் பதில் சொல்லும் ப்யூவின் நிரந்தரக் குழுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அதில் சேர்ந்தவர் வீட்டில் இணையம் இல்லையென்றால், டேப்லெட்டும் இணைப்பும் கொடுத்துப் பதில் வாங்கிய காலமும் உண்டு.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், அமெரிக்கா இந்த விஷயத்தில் ஒருமுறை பலமாக அடிபட்டிருக்கிறது. 1936 அதிபர் தேர்தல். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. விலாசங்கள் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் எடுத்தவை. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் ஜெயிக்கிறார் என்று எழுதியது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார்! அதைவிட மிகக் குறைவான பேரிடம் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொல்லியிருந்தார். பத்திரிகை 1938இல் நின்றுபோனது. கார் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள், அதனால் தப்பு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்புகிற அளவுக்கு வேகம், ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் தானாகத் துள்ளி வெளியே விழுந்த பருக்கையை எடுத்துப் பார்த்தால் பதம் தெரியாது.

டெலிபோனில் கேட்கலாமே என்றால், அது ஒரு சோகக் கதை. 1997இல் ப்யூவின் தொலைபேசி சர்வேக்களில் 36% பேர் பதில் சொன்னார்கள். 2018இல் அது 6%. தெரியாத எண்ணை யார் எடுக்கிறார்கள்?

கிடைத்த பதில்களுக்கு எடை போடும் வேலையும் உண்டு. குறைவாக வந்த பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் மதிப்பு தருவார்கள். 2016இல் ஓர் அதிபர் தேர்தல் கணிப்பில் இது எல்லை மீறியது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த 19 வயது கறுப்பின இளைஞர் ஒருவருக்குச் சராசரி ஆளைப்போல் முப்பது மடங்கு வரை எடை! அவர் டிரம்ப் ஆதரவாளர். அவர் ஒருவரால் நாடளாவிய கணிப்பே ஆடியதை நியூயார்க் டைம்ஸ் தோண்டி எடுத்தது.

இப்போது, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வாருங்கள். ட்விட்டரில் கத்தியது யார்? ப்யூ அதைக் கண்டுபிடித்த விதம் எளிமையானது. சர்வேயில் இருப்பவர்களிடமே, ‘உங்கள் ட்விட்டர் கணக்கின் பெயரைத் தருவீர்களா?’ என்று கேட்டார்கள். 2,791 பேர் தந்தார்கள். ஒருவர் சொன்ன பதில் ஒரு பக்கம், அவர் போட்ட பதிவுகள் மறுபக்கம். பொருத்திப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவைப் பார்த்துவிட்டு நான் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டேன். மொத்தப் பதிவுகளில் 80% வெறும் 10% பேர் எழுதியவை! வரிசையின் நடுவில் நிற்கும் சராசரி ஆள் மாதத்துக்குப் போட்டது இரண்டே இரண்டு பதிவு. அந்த 10% கூட்டத்தின் நடுவில் நிற்பவரோ 138. அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அதே ஆண்டில் தேசிய அரசியலை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்தப் பதிவுகளில் 97% பத்தில் ஒரு பங்கினரிடமிருந்து வந்திருந்தது. ‘அமெரிக்கா கொதிக்கிறது’ என்று செய்தி வாசிக்கும்போது, கொதிக்கிற அடுப்பு எவ்வளவு சிறியது பாருங்கள்!

மீதிப் பேர் எங்கே? 2021இல் ப்யூ அமெரிக்கர்களை ஒன்பது அரசியல் வகைகளாகப் பிரித்தது. தீவிர இடதுசாரிகள் 6%. மதமும் தேசியக் கொடியும் என்று நிற்கும் தீவிர வலதுசாரிகள் 10%. திரையில் நாம் பார்க்கிற சண்டை பெரும்பாலும் இவர்களுடையது. அரசியலில் அதிகம் ஈடுபாடு காட்டாத, பணக்கஷ்டத்தில் உழலும் ஒரு வகையினர் தனியாக 15% இருந்தார்கள். பொருளாதாரத்தில் ஏழைகள் பக்கம், சமூக விஷயங்களில் சற்றுப் பழைமைப் பக்கம். 2020இல் வாக்களித்தவர்களில் இவர்கள் பங்கு 10% மட்டுமே. அப்படி வாக்களித்தவர்களில் ஏறக்குறைய சரிபாதி பைடனுக்கு, சற்றுக் குறைய மறுபாதி டிரம்ப்புக்கு. அமெரிக்கத் தேர்தலையே புரட்டக்கூடிய இந்த மனிதர்களைத் தேடிக்கொண்டுதான் அந்த உறைகள் வீடுவீடாகப் போகின்றன.