162 ஆட்டங்களின் கணக்கு

2001ஆம் ஆண்டு சியாட்டில் மரினர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்றது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் அதைவிட அதிகம் வென்ற அணி இன்றுவரை கிடையாது. 1906இல் சிகாகோ கப்ஸ் அதே எண்ணிக்கையைத் தொட்டிருந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட மரினர்ஸ் அதே ஆண்டில் 46 முறை தோற்கவும் செய்தது. மறுமுனையில், 2024இல் 121 ஆட்டங்களைப் பறிகொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்ட சிகாகோ வைட் சாக்ஸ்கூட 41 முறை வென்றிருக்கிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை, ஏறக்குறைய தினம் ஒன்று என்ற கணக்கில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். எவ்வளவு சிறந்த அணியானாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தோல்வி நிச்சயம் என்பது அந்த அணியின் ரசிகருக்கு நன்றாகத் தெரியும். நேற்றைய தோல்வியை அவர் மறைப்பதுமில்லை, அதற்காக இன்றைய ஆட்டத்தைத் தவறவிடுவதுமில்லை. கையில் ஃபிட்னஸ் பட்டை கட்டிக்கொண்டு தினமும் காலடி எண்ணுகிறவர்கள் இன்று உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். எண்களோடு வாழ்வது எப்படி என்பதை அவர்கள் இந்த ரசிகரிடம் கற்றுக்கொள்ளலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பேஸ்பால் ரசிகரின் அன்றாடம் எண்களால் ஆனது. காலையில் எழுந்ததும் அவர் தேடுவது 'பாக்ஸ் ஸ்கோர்' என்னும் சின்னக் கட்டத்தை. முந்தைய நாள் ஆட்டத்தில் யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை முறை அடித்து பேஸை (ஓடி எட்ட வேண்டிய நிறுத்தத்தை) எட்டினார், எந்தப் பந்துவீச்சாளர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதெல்லாம் உள்ளங்கை அளவு இடத்தில் அதில் அடங்கிவிடும். இந்த வடிவத்துக்கு உருக்கொடுத்தவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த அவர், பேஸ்பாலுக்கு வருமுன் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட்டின் ஸ்கோர் புத்தகத்தோடு பழகிய நமக்கு அந்தக் கட்டம் அந்நியமாகத் தோன்றாததற்கு இந்த உறவும் ஒரு காரணம். இன்றும் மைதானத்தில் பென்சிலும் அட்டையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் பதிவு செய்யும் ரசிகர்கள் உண்டு. ஒன்பது ஆட்டக்காரர்களின் இடங்களுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண்கள் இருக்கின்றன. அட்டையில் 6-4-3 என்று எழுதியிருந்தால், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எடுத்த பந்து இரண்டாம் பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் போய் இருவர் ஆட்டமிழந்தார்கள் என்று தெரிந்தவர்கள் படித்துக்கொள்வார்கள். எல்லா எண்களிலும் பிரபலமானது பேட்டிங் சராசரி. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றிகரமாக அடித்தால் .300. அந்த அளவை ஆண்டுதோறும் எட்டுகிறவர் நட்சத்திர ஆட்டக்காரர். அதாவது, பத்துக்கு ஏழு முறை தோற்கிறவரைத்தான் அந்த விளையாட்டு மதித்துக் கொண்டாடுகிறது.

இந்தக் கண்ணோடு கைக்கடிகாரத்தின் திரையைப் பார்த்தால் அதன் கணக்கு எவ்வளவு குறுகலானது என்பது புரியும். அதற்குத் தெரிந்த அலகு ஒரு நாள் மட்டுமே. நள்ளிரவில் எண் பூஜ்யமாகிறது, மறுபடி பத்தாயிரத்தை நோக்கி ஏற வேண்டும். இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டில், ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்ற எண் அந்தக் கருவியின் பெயரிலேயே இருந்தது. மருத்துவ ஆய்வு அதற்கு முன்னால் நடந்து அந்த எல்லையை வகுத்துக் கொடுக்கவில்லை; சொல்லவும் நினைவில் வைக்கவும் வசதியான முழு எண், விற்பனைக்கு உதவியது. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் சக ஆய்வாளர்களும், சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் காலடிகளைக் கருவி கொண்டு அளந்து, நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களோடு ஒப்பிட, 4,400 காலடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் ஏதும் தென்படவில்லை. இது வயதான பெண்களைப் பற்றிய ஆய்வு என்பதால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும், 6,000 காலடி நடந்துவிட்டு "இன்றும் தோற்றுவிட்டேன்" என்று மனம் சோர்ந்து படுக்கப்போகும் ஒரு பாட்டி உண்மையில் தன் உடலுக்கு நல்லதைச் செய்திருக்கிறார் என்பதை இது காட்டுகிறது. அவரைத் தோற்றவராக்கியது அன்றைய நாளை மட்டும் தனியாக வெட்டி எடுத்து மதிப்பெண் போட்ட முறை. பேஸ்பால் ரசிகர் இப்படி ஒரு நாளை வெட்டி எடுத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார். ஏப்ரலின் முதல் வாரத்தில் .150இல் தடுமாறும் ஆட்டக்காரரைப் பற்றி யாராவது முடிவு கட்டினால், ஜூன் வரட்டும் பார்ப்போம் என்றுதான் அவரிடமிருந்து பதில் வரும்.

தொடர்ச்சி என்னும் மோகத்தையும் பேஸ்பால் நன்றாக அறிந்திருக்கிறது. உடற்பயிற்சிச் செயலிகள் 'நூறு நாள் தொடர்' என்றெல்லாம் பதக்கம் கொடுக்கின்றன. அந்தத் தொடர் அறுந்த மறுநாளே பலர் பயிற்சியையே கைவிடுகிறார்கள். பேஸ்பாலில் எல்லோர் நாவிலும் இருக்கும் தொடர் நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுடையது. 1941 மே 15 முதல் ஜூலை 16 வரை அடுத்தடுத்து 56 ஆட்டங்களிலும் அவர் குறைந்தது ஒரு முறையாவது பந்தை அடித்து பேஸை எட்டினார். நாடே தினமும் அவர் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டே லெஸ் பிரவுன் இசைக்குழு அவர் பெயரில் ஒரு பாட்டை வெளியிட்டு, அது வானொலிகளில் ஒலித்தது. ஜூலை 17 அன்று கிளீவ்லாந்தில், மூன்றாம் பேஸில் நின்ற கென் கெல்ட்னர் இரண்டு அருமையான தடுப்புகளால் அந்தத் தொடரை அறுத்தார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும். டிமாஜியோ மறு ஆட்டத்திலிருந்து புதிய தொடர் ஒன்றைத் தொடங்கி, இன்னும் 16 ஆட்டங்களுக்கு அதை நீட்டினார். அறுந்த தொடரை அவர் அறுந்த இடத்திலேயே விட்டுவிட்டார். பால்டிமோர் ஓரியோல்ஸின் கால் ரிப்கனின் கதை இன்னொரு விதம். 1982இலிருந்து ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் 2,632 ஆட்டங்கள் ஆடிய அவர், 1998 செப்டம்பரில் ஒரு மாலை, காயம் ஏதுமில்லாமல், தானாகவே மேலாளரிடம் போய் இன்று என்னை உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டார். தொடரை முடிக்கும் உரிமையும் ஆடுகிறவருக்கு உண்டு. இந்த உண்மையைக் கடிகாரம் செய்கிறவர்கள் புரிந்துகொள்ள நெடுநாள் ஆனது. ஆப்பிள் வாட்சில் உடல்நலக் குறைவுக்கோ ஓய்வுக்கோ அன்றாட இலக்கைக் காட்டும் வளையங்களை நிறுத்தி வைத்து, தொடரை இழக்காமலிருக்கும் வசதி 2024இல்தான் வந்தது. பேஸ்பாலில் தொடக்கப் பந்துவீச்சாளர் ஒரு நாள் வீசினால் அடுத்த நான்கைந்து நாட்கள் வீசமாட்டார். அந்த ஓய்வு அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பேட்டிங் சராசரியே தவறான அளவுகோல் என்று பேஸ்பால்காரர்களே சொல்லிவிட்டார்களே, அந்த விளையாட்டை எண்களுக்கு ஆசானாகக் கொள்வது எப்படி? உண்மைதான். சராசரி நூறாண்டுக்கு மேல் கோலோச்சியது, ஆனால் பொறுமையாக நின்று நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கும் ஆட்டக்காரருக்கு அதில் ஒரு மதிப்பும் கிடையாது. ஒரே ஒரு பேஸ் தரும் ஒற்றை அடியையும் எல்லா பேஸையும் சுற்றிவர வைக்கும் ஹோம் ரன்னையும் அது ஒன்றாகவே எண்ணியது. இந்தக் குறையை விடாமல் எழுதியவர்களில் முக்கியமானவர் பில் ஜேம்ஸ். எந்த அணியிலும் வேலை பார்க்காத ஒரு ரசிகராக 1977இல் அவர் தானே அச்சிட்டு வெளியிடத் தொடங்கிய ஆண்டுத் தொகுப்பு மெல்ல மெல்ல அந்த விளையாட்டின் சிந்தனையையே மாற்றியது. பேஸை எட்டும் விகிதம் 1984இல் அதிகாரபூர்வ அளவானது. 2002இல் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ், பணக்கார அணிகளின் சம்பளச் செலவில் மூன்றில் ஒரு பங்களவே செலவழித்து, இந்தக் கணக்குகளை நம்பி அடுத்தடுத்து 20 ஆட்டங்களை வென்றது. ஆகவே இந்த ஆட்சேபம் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. எண்ண எளிதானதும் எண்ணத் தகுந்ததும் ஒன்றல்ல என்று ரசிகர்கள் பல பத்தாண்டுகள் வாதாடியே நிறுவினார்கள். காலடிக் கணக்கும் அப்படியே. மாடிப்படி ஏறியதா, தெருவில் உலாவியதா, மூச்சிரைக்க நடந்ததா என்பதை வெறும் காலடி எண்ணிக்கை பிரித்துச் சொல்லாது. சைக்கிள் மிதித்ததும் நீந்தியதும் அதில் சரியாக ஏறுவதில்லை. பட்டை கட்டிய ஒவ்வொருவருக்கும் தன் எண்ணோடு சண்டை போடும் உரிமை வேண்டும். நாம் பெரும்பாலும் அதற்குக் கீழ்ப்படிகிறோம்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம், அளப்பதால் பயனே இல்லை, தீங்குகூட உண்டு என்பது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜாகிசிச் குழு, உடல் எடை கூடிய 471 இளவயதினரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. உணவுக் கட்டுப்பாட்டோடும் ஆலோசனையோடும் உடலில் அணியும் கருவியைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல் அதே திட்டத்தைப் பின்பற்றியவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். அதே ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் வெளியிட்ட ஆய்வில், நடையை அளந்துகொண்டவர்கள் அதிகம் நடந்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். பொழுதுபோக்கு வேலையாகிவிட்டது என்பது அவர் விளக்கம். இந்த இரண்டாவது முடிவைத் தட்டிக்கழிக்க முடியாது. எனக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான். பேஸ்பால் போல எண்களில் ஊறிய விளையாட்டு வேறில்லை, இருந்தும் அதன் ரசிகர்களுக்கு அது வேலையாகவில்லை. அவர்களுடைய நாளில் எண்ணுக்குள் அடங்காத ஒன்று கூடவே ஓடிக்கொண்டிருப்பதால்தான் என்று நினைக்கிறேன். அது இசை.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் 1941இல் ஆர்கன் ஒலித்ததிலிருந்து, இன்னிங்ஸுக்கு இடையிலான வெற்று நிமிடங்களை இசை நிரப்பத் தொடங்கியது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் மைதானம் முழுக்க எழுந்து நின்று, 1908இல் ஜாக் நார்வொர்த்தும் ஆல்பர்ட் வான் டில்சரும் எழுதிய பேஸ்பால் பாட்டைப் பாடும். 1976இல் வைட் சாக்ஸ் உரிமையாளர் பில் வீக், வர்ணனையாளர் ஹாரி கேரி அதைத் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்ததைக் கவனித்து, அவருடைய ஒலிவாங்கியை மைதானத்துக்குத் திறந்துவிட்டார். கேரிக்குச் சுருதி நிற்காது, அதனாலேயே எல்லோராலும் அவரோடு சேர்ந்து பாட முடிந்தது. மட்டை பிடிக்க வரும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இன்று சொந்தமாக ஒரு பாட்டு இருக்கிறது. ஜப்பானில் இதை இன்னும் விரிவாகவே செய்கிறார்கள். மேளமும் எக்காளமும் கொண்ட உற்சாகக் குழு ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனிப்பாட்டு வைத்திருக்கும். தங்கள் அணி மட்டை பிடிக்கும் நேரமெல்லாம் ரசிகர்கள் நின்று பாடுவார்கள், எதிரணியின் முறை வந்ததும் உட்காருவார்கள். ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகர்கள் பாடும் அணிப் பாட்டு 1936இல் யூஜி கோசெகி இசையமைத்தது.

இசை உடலை நகர்த்துகிறது என்பது வெறும் உணர்வல்ல. 1911இல் லெனார்ட் அய்ரஸ், நியூயார்க்கின் ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கூர்ந்து பார்த்தார். வாத்தியக் குழு வாசித்தபோது சைக்கிள் வீரர்கள் மணிக்குச் சுமார் 31.5 கிலோமீட்டரும், நிறுத்தியபோது சுமார் 29 கிலோமீட்டரும் போனார்கள். யாரும் அவர்களை வேகமாகப் போகச் சொல்லவில்லை. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராஜியோர்கிஸ் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளும் இதையே விரிவுபடுத்தின. நடை, மெதுவான ஓட்டம் போன்ற மிதமான உழைப்பில், மனசுக்குப் பிடித்த தாளமுள்ள பாட்டு சிரமம் தெரியாமல் செய்கிறது. உழைப்பு உச்சத்தை எட்டும்போது அந்த உதவி குறைந்துவிடும். எனவே தினசரி நடைக்குப் போகிறவர் தன் பட்டையில் எண்ணைப் பார்ப்பதைவிட, பிடித்த பாட்டு மூன்று முடியும்வரை நடப்பது என்று வைத்துக்கொண்டால், அளவும் கிடைக்கும், ரசனையும் கெடாது. எட்கின் எச்சரித்த இழப்புக்கு இது முழு மருந்து என்று சொல்ல ஆய்வு எதையும் என்னால் காட்ட முடியாது. அளவுகோலைக் கண்ணிலிருந்து காதுக்கு மாற்றுவதால் வரும் வேறுபாட்டை யாரும் ஒரு வாரத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. பேஸ்பால் ரசிகர் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறவர்தானே, ஆரோக்கியத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மைதானத்தின் ஹாட் டாக், பீர், மணிக்கணக்கில் நாற்காலி என எல்லாம் உண்மை, அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ரசிகரைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்வது அவர் எண்ணைப் படிக்கும் முறையை, அவர் தட்டை அல்ல. ஆனால் ஆண்டுக்கு 162 ஆட்டங்களையும் மைதானத்தில் போய்ப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். 1921 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. நிலையம் முதன்முதலாக மேஜர் லீக் ஆட்டத்தை ஒலிபரப்பிய நாளிலிருந்து, பெரும்பாலானவர்களுக்குப் பேஸ்பால் காதால் தொடரும் விளையாட்டு. 1950 முதல் 2016 வரை 67 சீசன்களுக்கு டாட்ஜர்ஸ் ஆட்டங்களை வர்ணித்த வின் ஸ்கல்லியின் குரல் சமையலறையிலும் தோட்டத்திலும் காரிலும் கேட்டது. 2023இல் பந்து வீசுவதற்குக் கடிகாரக் கெடு வந்தபின் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சுமார் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிகிறது. காதில் வர்ணனையோடு அதில் இரண்டு இன்னிங்ஸ் நடந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரத்தில் அணி ஆறு ரன் பின்தங்கியிருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.